எஸ்எஸ்டிக்கு ஆப்டிமைசர் மென்பொருள் தேவையா? ஆறு வாரம் பார்த்ததைச் சொல்கிறேன்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலின் பிஜிபி மண்டபத்தில் அன்று காலை முகூர்த்தம். அதே நாளின் காட்சிகளை மூன்று நிமிடத் தொகுப்பாக்கி மாலை விருந்தில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையடக்க எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) சேர்த்து வைத்திருந்த 120 ஜிபி காட்சிகளை லேப்டாப்புக்கு மாற்றத் தொடங்கினேன். முதலில் விறுவிறுவென்று போனது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, வேகம் விநாடிக்கு 70 எம்பிக்கு இறங்கியது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை. மொத்தம் 27 நிமிடம். முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். பெண்ணின் பெரியம்மா வந்து, “சாப்பிட வாம்மா, அது பாட்டுக்கு ஓடட்டும்” என்று கூப்பிடுகிறார். எனக்கோ திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கல்யாணம், வளைகாப்பு, பரதநாட்டிய அரங்கேற்றம், தைப்பூசம் என்று பதினோரு ஆண்டுகளாகப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். வீடு புக்கிட் பாத்தோக்கில். இருக்கும் அறைகளில் ஒன்றுதான் அலுவலகம். என் கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் 4கே காட்சியைப் பதிவு செய்யும். அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் என்று வைத்தால் ஒரே கல்யாணத்துக்கு 270 ஜிபி ஆகிவிடும். சமையல்காரருக்கு அடுப்பு எப்படியோ அப்படித்தான் எனக்கு இந்த டிரைவ். லேப்டாப் வாங்கி மூன்று ஆண்டு ஆகிறது. உள்ளே இருப்பது 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றே ஒன்று. வாங்கிய புதிதில் இதே அளவு காட்சிகள் ஐந்தாறு நிமிடத்தில் ஏறிவிடும்.

அன்றிரவே, களைப்பும் கோபமுமாக, எஸ்எஸ்டியை வேகப்படுத்தித் தருவதாகச் சொல்லும் ஒரு மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தாவாக 39 வெள்ளி 90 காசு கட்டினேன். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்த வகையில் நிறைய கிடைக்கின்றன. பொத்தான்களின் பெயரும் நிறமும்தான் மாறுகின்றன, செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். முதல் இரண்டு வாரம் அதோடும், அடுத்த நான்கு வாரம் அது இல்லாமலும் ஒரே வேலையைச் செய்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நிறுவியதும் அது லேப்டாப்பை அலசிவிட்டு 1,400க்கும் மேற்பட்ட ‘பிரச்சினைகள்’ இருப்பதாகச் சிவப்பில் காட்டியது. ஒரே பொத்தானை அழுத்தினால் எல்லாம் சரியாகும் என்றது. அழுத்தினேன். விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைத்தது, தற்காலிகக் கோப்புகளை அழித்தது, விண்டோஸின் சில சேவைகளை நிறுத்தியது. சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் ‘ஆழ்ந்த டிஃப்ராக்’ ஒன்றுக்குத் தினமும் இரவு இரண்டு மணி என்றும், வாரம் ஒரு முறை காலி இடத்தைத் துடைப்பதற்கும் தானாகவே நேரம் குறித்துக்கொண்டது. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை வந்தது. வேகம் 38 விழுக்காடு கூடிவிட்டதாம்.

மறுநாள், ஏற்றியிருந்த நகலை அழித்துவிட்டு, அதே 120 ஜிபி கோப்புறையை அதே கையடக்க டிரைவிலிருந்து மறுபடி மாற்றிப் பார்த்தேன். இருபத்தாறரை நிமிடம்.

பச்சைப் பட்டை 38 விழுக்காடு என்கிறது, கடிகாரம் அரை நிமிடம் என்கிறது. இதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த மாதிரி மென்பொருள்களும், பலரும் பயன்படுத்தும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற நல்ல சோதனைக் கருவிகளும்கூட, வழக்கமாக ஒரு ஜிபி அளவிலான சிறிய கோப்பை எழுதிப் படித்துத்தான் வேகத்தை அளக்கின்றன. எஸ்எஸ்டிக்குள் வேகமான முன்கூடம் மாதிரி ஒரு பகுதி உண்டு. சின்னச் சோதனை அந்த முன்கூடத்திலேயே முடிந்துவிடும். டிரைவ் எவ்வளவு திணறிக்கொண்டிருந்தாலும் எண் அழகாகத்தான் வரும். ஆகவே யாராவது வேகச் சோதனைப் படத்தைக் காட்டினால், எத்தனை ஜிபி எழுதிப் பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் வேலையில் வரும் உண்மையான கோப்புறை ஒன்றை எடுத்து, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து மாற்றிப் பாருங்கள். எனக்கு அதைவிட நம்பகமான சோதனை கிடைக்கவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அக்கா குடும்பம் வந்திருந்தது. அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கிறான். விஷயத்தைச் சொன்னேன்.

“சின்னம்மா, அந்த சாஃப்ட்வேர் உங்க டிரைவ்ல எவ்வளவு எழுதுதுன்னு பார்த்தீங்களா?”

“எழுதுறதா? அது சுத்தம்தானே பண்ணுது?”

“சுத்தம் பண்றதும் எழுதுறதுதான் சின்னம்மா.”

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியை நிறுவச் சொன்னான். ஜப்பானில் உருவானது. டிரைவ் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பேட்டைப் படித்துக் காட்டும், அவ்வளவுதான். எதையும் மாற்றாது, எதையும் விற்காது. ஆரோக்கியம் எத்தனை விழுக்காடு, வெப்பம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, வாங்கியதிலிருந்து மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று நான்கு எண்களைப் பார்த்தால் போதும். என் டிரைவில் எழுதப்பட்டது 33.5 டிபி என்று இருந்தது. நல்ல வேளையாக, அந்த மென்பொருளே நிறுவிய அன்று எடுத்து வைத்த அறிக்கையில் பழைய எண் இருந்தது: 31.2 டிபி. மூன்று ஆண்டில் 31. அதாவது மாதத்துக்கு ஒரு டிபிகூட இல்லை. இந்த இரண்டு வாரத்தில் மட்டும் 2.3 டிபி.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். என் வேலை அரை டிபி இருக்கலாம். காலி இடத்தைத் துடைப்பது என்றால் காலியாக இருந்த எழுபத்தைந்து ஜிபி முழுவதிலும் குப்பைத் தகவலை மூன்று முறை எழுதி நிரப்பி அழிப்பது. அது இரண்டு முறை நடந்திருக்கிறது, ஏறத்தாழ 450 ஜிபி. மீதி எல்லாம் நள்ளிரவு டிஃப்ராக். என் டிரைவின் உத்தரவாதம் 200 டிபி எழுதும்வரை அல்லது ஐந்து ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை. என் வழக்கமான வேலைக்கு 200 டிபி தீரப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். இந்த மென்பொருளின் வேகத்தில் புதிய டிரைவ் ஒன்றுகூட நாற்பது மாதத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். எல்லையைத் தொட்ட அன்றே டிரைவ் செத்துவிடாது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகாத வேலைக்காக அதன் ஆயுளை ஏன் கரைக்க வேண்டும்?

டிஃப்ராக் என்பது ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கம். அங்கே தட்டு சுழலும், ஒரு முள் நகர்ந்து நகர்ந்து படிக்கும். ஒரு கோப்பு நான்கு இடத்தில் சிதறியிருந்தால் முள் நான்கு இடத்துக்கு ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பத்து மில்லிவிநாடி அளவில் போகும். சேர்த்து அடுக்கி வைத்தால் உண்மையிலேயே வேகம் கூடும். எங்கள் பழைய கணினியில் நானே மாதம் ஒரு முறை ஓட்டியிருக்கிறேன். எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. எந்த மூலையில் இருந்தாலும் எடுக்க ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு அதுதான் புதிது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் வாசலில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கியிருப்பீர்கள். கையில் 214 என்று ஓர் அட்டை இருக்கும். செருப்பு உள்ளே எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். எஸ்எஸ்டியும் அப்படித்தான். விண்டோஸிடம் இருப்பது டோக்கன் எண். உண்மையான இடத்தை டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் தன் பதிவேட்டில் வைத்திருக்கும். எந்தச் சில்லும் அதிகம் தேயாதபடி அதுவே இடம் மாற்றிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒரு மென்பொருள் வந்து ‘நான் அடுக்கி வைக்கிறேன்’ என்றால், அது டோக்கன்களை மட்டும் வரிசைப்படுத்துகிறது. உள்ளே செருப்புகள் எப்படிக் கிடக்கின்றன என்பதை அதனால் பார்க்கவும் முடியாது. கன்ட்ரோலரை வீணாக ஓட விடுவதுதான் மிச்சம்.

அப்படியானால் எஸ்எஸ்டிக்குப் பராமரிப்பே வேண்டாமா? வேண்டும். அதன் பெயர் டிரிம். எஸ்எஸ்டியில் எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக நடக்கும். அழிப்பது மட்டும் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய கட்டமாகத்தான் முடியும். வரி வரியாக எழுதலாம், துடைத்தால் பலகை முழுவதையும் துடைக்க வேண்டும் என்பது போல. நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது விண்டோஸ் தன் பட்டியலில் அடித்துவிட்டுப் போய்விடும். டிரைவுக்கு அது தெரியாது. தேவையில்லாத தகவலையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அலையும். ‘இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லும் செய்திதான் டிரிம். அதைக் கேட்டுக்கொண்டு, கணினி சும்மா இருக்கும் நேரத்தில் டிரைவே கட்டங்களைத் துடைத்துத் தயாராக வைக்கும். 2008, 2009 காலத்து எஸ்எஸ்டிகள் நிரம்ப நிரம்ப மந்தமானதற்கு இந்தச் செய்தி போகாததும் ஒரு பெரிய காரணம். ‘எஸ்எஸ்டியை ஆப்டிமைஸ் செய்’ என்ற பேச்சு அந்தக் காலத்தில் பொருளுள்ள பேச்சு.

2009இல் வந்த விண்டோஸ் 7 டிரிம் செய்தியைத் தானே அனுப்பத் தொடங்கிவிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து பழைய டிஃப்ராக் கருவியின் பெயரே ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்று மாறியது. டிரைவ் எந்த வகை என்று பார்த்து, ஹார்ட் டிஸ்க் என்றால் அடுக்கும், எஸ்எஸ்டி என்றால் டிரிம் செய்திகளை மொத்தமாக இன்னொரு முறை அனுப்பும். எதையும் மாற்றாவிட்டால் வாரம் ஒரு முறை தானாகவே ஓடும். ஸ்டார்ட் மெனுவில் ‘டிஃப்ராக்’ என்று தேடினால் வந்துவிடும். அதில் உங்கள் டிரைவுக்கு நேரே ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் செய்ததில் பயனுள்ள ஒரே வேலையும் இந்த டிரிம்தான். அதை விண்டோஸ் இலவசமாக, எனக்குத் தெரியாமலேயே, மூன்று ஆண்டாகச் செய்துகொண்டிருந்தது.

அக்கா மகன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தும் ஒன்று காட்டினான். டிரிம் இயங்குகிறதா என்று கேட்கும் கட்டளை. பதில் 0 என்று வந்ததும் நான் பதறிப்போனேன். “0ன்னா நல்லது சின்னம்மா” என்றான். அந்த அமைப்பின் பெயரே ‘அழித்ததைச் சொல்லாதே’ என்ற பொருளில் இருக்கிறது. அது 0 என்றால் தடை இல்லை, செய்தி போகிறது என்று அர்த்தம். இதைப் பார்த்துவிட்டு 1 என்று மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள்.

விண்டோஸ் கருவியும் குறையே இல்லாதது அல்ல. 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், கடைசியாக எப்போது ஓடினோம் என்பதை அது மறந்துபோகும் பிழை இருந்தது. கணினியைத் திறக்கும்போதெல்லாம் மறுபடி ஓடப் பார்த்தது. சில மாதங்களில் சரிசெய்தார்கள். மற்றபடி, கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் வசதி இயங்கும் கணினிகளில் எஸ்எஸ்டியையும் எப்போதாவது ஒரு முறை விண்டோஸ் அளவாக டிஃப்ராக் செய்வதுண்டு. கோப்பு அளவுக்கு மீறித் துண்டுகளாகிவிட்டால் அந்தப் பட்டியலைச் சுமப்பதே விண்டோஸுக்குப் பாரமாகிவிடும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தினமும் இரவு இரண்டு மணிக்கு முழு டிரைவையும் புரட்டுவது வேறு கதை.

சரி, டிரிம் ஒழுங்காகப் போகிறது, டிரைவின் ஆரோக்கியம் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் 27 நிமிடம்?

அந்த 120 ஜிபியும் சேர்ந்து டிரைவ் 92 விழுக்காடு நிரம்பியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

என்னுடையது கியூஎல்சி வகை. ஒரே அணுவறையில் (தகவல் தங்கும் மிகச் சிறிய அறை) நான்கு பிட் தகவலைத் திணிப்பதால் விலை குறைவு, ஆனால் நேரடியாக எழுத மிகவும் மெதுவானது. அதை மறைக்க, காலியாக இருக்கும் இடத்தில் ஒரு பகுதியை ஓர் அணுவறைக்கு ஒரு பிட் என்று தற்காலிகமாக வேகமாக எழுதிக்கொண்டு, பிறகு ஓய்வாக உள்ளே மடித்து வைக்கும். நான் முன்கூடம் என்று சொன்னது இதைத்தான். காலி இடம் குறையக் குறைய முன்கூடமும் சுருங்கும். என் டிரைவில் ஏழெட்டு ஜிபி அளவுக்குச் சுருங்கிவிட்டிருந்தது. அதனால்தான் மண்டபத்தில் முதல் அரை நிமிடம் பறந்துவிட்டு அப்புறம் தவழ்ந்தது. எந்த மென்பொருளாலும் அந்த முன்கூடத்தைப் பெரிதாக்க முடியாது.

அடுத்த இரண்டு மாலை உட்கார்ந்து, கொடுத்து முடித்த கல்யாணங்களையெல்லாம் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளுக்கு மாற்றினேன். ஒன்று என் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டில். லேப்டாப்பில் இப்போது 45 விழுக்காடு மட்டுமே நிரம்பியிருந்தது. ஓர் இரவு முழுக்க லேப்டாப்பை மின்னிணைப்போடு சும்மா விட்டுவைத்தேன், டிரைவ் தன் துடைக்கும் வேலையை முடித்துக்கொள்ளட்டும் என்று. மறுநாள் காலை அதே 120 ஜிபி, அதே கையடக்க டிரைவ். ஐந்தரை நிமிடம். ஸ்டாப்வாட்ச்சை இரண்டு முறை பார்த்தேன். அன்று முதல் கால்வாசி இடத்தையாவது காலியாக வைத்திருக்கிறேன். அணுவறைக்கு மூன்று பிட் எழுதும் டிஎல்சி வகை டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கடுமையாக இருக்காது, பத்து முதல் இருபது விழுக்காடு காலி இருந்தாலே போதும்.

அந்த மென்பொருள் செய்த இன்னொரு காரியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எஸ்எஸ்டியில் எழுதுவதைக் குறைப்பதாகச் சொல்லி ஹைபர்நேட் வசதியை நிறுத்திவிட்டது. இரவு இரண்டு மணிக்கு முழு டிரைவையும் திருப்பி எழுதும் அதே மென்பொருள்! எனக்கு அது தெரியாது. தேக்காவில் ஒரு வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டு, லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். மின்கலம் குறைவாக இருந்தது. முன்பெல்லாம் தீரும் நிலை வந்தால் திறந்திருந்த வேலையைத் தானே டிரைவில் எழுதி வைத்துவிட்டு அணையும். அன்று அப்படியே செத்துப்போனது. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லச் செய்த நாற்பது நிமிட வண்ணத் திருத்தம் போயிற்று. அவரை மறுபடி கூப்பிட்டு எந்தக் காட்சியில் புடவையின் அரக்கு நிறம் எப்படி வேண்டும் என்றீர்கள் என்று கேட்க நேர்ந்தது.

பேஜ்ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிரைவில் பயன்படுத்தும் கோப்பு) நிறுத்து, இன்டெக்ஸிங்கை (தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடுவது) நிறுத்து என்று சொல்லும் ‘எஸ்எஸ்டி குறிப்புகள்’ எல்லாமும் இதே இனம். விண்டோஸ் 7 வரும் முன்பே, 2009இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் எழுதிய விளக்கத்தில், பேஜ்ஃபைலில் எழுதுவதைவிடப் படிப்பது ஏறத்தாழ 40 மடங்கு அதிகம் என்றும், அது எஸ்எஸ்டியில் இருப்பதே நல்லது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ரெஜிஸ்ட்ரி துடைக்கும் மென்பொருள்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்பதும் அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்த வகைக் கருவிகளுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். 2017இல், கணினியைச் சுத்தம் செய்யும் மிகப் பிரபலமான மென்பொருளான சிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே யாரோ ஊடுருவித் தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது ஏறியிருந்தது.

இனி, டிரைவைச் செய்த நிறுவனங்களே தரும் இலவசக் கருவிகள். சாம்சங் மெஜிஷியன், குரூசியல் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ், கிங்ஸ்டன் எஸ்எஸ்டி மேனேஜர் என்று ஆளுக்கொன்று உண்டு. நான் நன்றாகப் பழகியது மெஜிஷியனோடு. அங் மோ கியோவில் அப்பாவின் பழைய மேசைக் கணினிக்கு, சிம் லிம் ஸ்குவேரில் 500 ஜிபி சாம்சங் 870 ஈவோ வாங்கிப் போட்டேன். திறக்க இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்ட கணினி இருபது விநாடியில் திறந்தது. “என்னம்மா, புதுசு வாங்கிட்டியா?” என்றார் அப்பா. அந்த டிரைவின் உத்தரவாதம் 300 டிபி அல்லது ஐந்து ஆண்டு. தமிழ் முரசு படிப்பது, பழைய நிகழ்ச்சிகள் பார்ப்பது, ஊரிலிருக்கும் தம்பியோடு பேசுவது என்று அவர் இரண்டு ஆண்டில் எழுதியது 4 டிபி.

மெஜிஷியனை நான் வைத்திருப்பது ஒரே காரணத்துக்கு: ஃபர்ம்வேர். எஸ்எஸ்டிக்குள் ஓடும் அந்தச் சின்ன நிரலில் பிழை இருந்தால் வேறு யாராலும் சரிசெய்ய முடியாது. 2014இல் சாம்சங் 840 ஈவோவில், எழுதிச் சில வாரங்கள் கிடந்த தகவலைப் படிக்கும்போது வேகம் படுத்துவிட்டது. ஃபர்ம்வேர் மாற்றித்தான் சரிசெய்தார்கள், அதுவும் இரண்டு தவணையில். 2023 தொடக்கத்தில், பழைய ஃபர்ம்வேர் இருந்த 980 புரோ டிரைவ்கள் சில, இனி எழுத முடியாது, படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டன. முன்கூட்டியே புதியதை ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். 2019இல் சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கை இன்னும் திகிலானது. அவர்களுடைய சில சர்வர் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் மொத்தமாகச் செயலிழக்கும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம், அதற்குள் ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறுவனத்தின் கருவியைத் திறந்து புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றும் முன் காப்பு நகல் எடுத்துவிடுங்கள்.

மெஜிஷியனில் இருக்கும் மற்றப் பொத்தான்களை அப்பாவின் கணினியில் தொடவில்லை. அதில் ரேபிட் மோட் என்று ஒன்று உண்டு. ரேமில் ஒரு பகுதியை இடைக்கிடங்காக்கிக்கொள்ளும். சோதனை எண்கள் வானத்துக்குப் போகும், ஆனால் மின்சாரம் திடீரென்று போனால் ரேமில் இருந்தது டிரைவுக்கு வந்து சேராமலே போகலாம். ஓவர் புரொவிஷனிங் என்பது டிரைவில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது. நான் கையாலேயே இடத்தைக் காலியாக வைத்திருப்பதால் எனக்கு அவசியப்படவில்லை. எப்போதும் நிரப்பிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது நல்ல கடிவாளம்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டில் கூரை நிழலில்கூட வெக்கை தாங்காது. அங்கே நின்றபடி அட்டைகளை லேப்டாப்பில் இறக்கியபோது மறுபடி வேகம் விழுந்தது. டிரைவில் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் 74 டிகிரி. அந்த வெப்பத்தில் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பைத் துணிப்பை மேலிருந்து எடுத்துக் கடினமான பலகை மேல் வைத்து, 12 வெள்ளி மின்விசிறித் தாங்கி ஒன்றைக் கீழே கொடுத்தேன். 60க்குக் கீழே வந்தது, வேகமும் திரும்பியது.

டிரிம் நல்லது என்று இவ்வளவு சொல்லிவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. நான்காவது வாரத்தில் ஒரு நலங்குக் கோப்புறையைத் தவறுதலாக நிரந்தரமாக அழித்துவிட்டேன். மீட்பு மென்பொருளை ஓட்டினால் கோப்புகளின் பெயர் எல்லாம் வரிசையாக வந்தது. திறந்தால் உள்ளே வெறும் சூனியம். ஹார்ட் டிஸ்க்கில் அழித்தது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், தோண்டி எடுக்கலாம். எஸ்எஸ்டியில் டிரிம் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் முடிந்தது. கேமரா அட்டைகளை இன்னும் ஃபார்மேட் செய்யாமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பாட்டிகள் சந்தனம் பூசிய காட்சிகள் பிழைத்தன. இரண்டு இடத்தில் நகல் சேரும்வரை அட்டையைத் தொடுவதில்லை என்ற வழக்கத்தை நான் விடமாட்டேன்.

மேக் வைத்திருக்கும் என் தோழிகள் தங்களுக்கு என்ன என்று கேட்டார்கள். அவர்களுக்கு என் பதில்: ஆப்பிள் பொருத்திய டிரைவுக்கு டிரிம் தானாகவே இயங்குகிறது, ஒன்றும் வாங்க வேண்டாம். பழைய மேக்கில் வேறு நிறுவன டிரைவ் மாற்றியவர்களுக்கு மட்டும், 2015இல் யோசமிட்டி என்ற மேக் இயங்குதளத்தின் கடைசிப் பதிப்புகளில் ஆப்பிள் சேர்த்த ஒரு டெர்மினல் கட்டளையால் அதை இயக்கிக்கொள்ள முடியும்.

மதிப்பெண் கேட்டால்: காசு கொடுத்து வாங்கிய ஆப்டிமைசருக்கு ஐந்துக்கு ஒன்றுகூடத் தர மனம் வரவில்லை. விண்டோஸின் சொந்தக் கருவிக்கு நாலரை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவுக்கு ஐந்து. மெஜிஷியனுக்கு நான்கு, ஃபர்ம்வேருக்காக.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீக்கினால் மட்டும் போதாது, அது மாற்றிவிட்டுப் போன அமைப்புகள் அப்படியே இருக்கும். ஹைபர்நேட்டைத் திரும்ப இயக்குங்கள். நிறுத்தப்பட்ட சேவைகளைப் பழையபடி தானியங்கிக்கு மாற்றுங்கள். டாஸ்க் ஷெடியூலரில் அது விட்டுச்சென்ற இரவு வேலை ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆப்டிமைஸ் டிரைவ்ஸில் வாராந்திர ஓட்டம் நிறுத்தப்பட்டிருந்தால் அதையும் மறுபடி குறித்துவிடுங்கள், என்னுடையதில் நிறுத்தித்தான் வைத்திருந்தது. அக்கா மகனுக்கு இதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகையா என்று பார்த்து அதை நிறுத்திவிடுங்கள். முப்பது நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. இருபத்தாறாம் நாள் எழுதிக் கேட்டேன், ஒன்பது நாளில் 39 வெள்ளி 90 காசும் வந்துவிட்டது.